காரெட் வீட்டுத் துப்பாக்கி: இரவல் கொடுத்தவரும் வாங்கியவரும் இறந்த பின் நடந்த மீட்பு

இரவல் கொடுத்த பொருள் கொடுத்தவருக்கே சொந்தம். இதைச் சொல்ல வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் நண்பர்களுக்குள் நடக்கும் இரவலுக்குச் சீட்டு இருக்காது, சாட்சி இருக்காது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சுகூட இருக்காது. இருவரில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துவிட்டால், அது இரவல்தான் என்று சொல்ல மிஞ்சுபவர் ஒருவரே. இருவருமே போய்விட்டால் சொல்லவே ஆளில்லை. அந்தப் பொருள் துப்பாக்கியாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. இறந்தவர் வீட்டிலிருக்கும் துப்பாக்கியை யார் எடுக்கலாம், யார் தொடவே கூடாது என்பதற்கெல்லாம் தனிச் சட்டம் இருக்கிறது.

அமெரிக்காவில் இப்படி நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். களம் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ. வழக்குப் போட்டவர் அபோலினாரியா குட்டியெரெஸ் காரெட் என்ற விதவை. கேட்ட பொருள், அவருடைய கணவர் பாட் காரெட் 1881-இல் பில்லி தி கிட் என்ற பெயர்போன கொள்ளைக்காரரைச் சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர். இந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பில்லியின் கதையைச் சொல்லிவிட்டு ஏலத்தொகையோடு முடித்துவிடுகிறார்கள். நடுவில் அந்தப் பெண் நடத்திய வழக்கு ஒரு வரியில் கடந்துபோகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

துப்பாக்கி கைமாறிய வழி

1880 நவம்பரில் நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டி என்ற மாவட்டத்துக்கு ஷெரிஃபாக, அதாவது காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் பாட் காரெட். அடுத்த மாதமே ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லி தி கிட்டையும் கூட்டாளிகளையும் ஒரு கல்வீட்டுக்குள் மடக்கிப் பிடித்தார். சரணடைந்தவர்களில் பில்லி வில்சன் என்று ஒருவர். அவரிடமிருந்து எடுத்ததுதான் இந்த ரிவால்வர். கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்சன் ஆர்மி ரகம், .44-40 தோட்டா, வரிசை எண் 55093. பிடிபட்ட பில்லி தி கிட் மறு ஆண்டு லிங்கன் சிறையிலிருந்து தப்பிவிட, 1881 ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் பீட்டர் மாக்ஸ்வெல் வீட்டுப் படுக்கையறை இருட்டில் காரெட் அவரைச் சுட்டது இதே ரிவால்வரால்தான்.

கைதியிடமிருந்து எடுத்த ஆயுதம் எடுத்த அதிகாரிக்குச் சொந்தமாகுமா என்று இன்றைய வாசகர் கேட்பது நியாயம். இன்று ஆகாது. அது தடயப் பொருளாகக் காவல்துறைக் கிடங்குக்குப் போகும். அன்றைய எல்லைப்புறத்தில் நடைமுறை வேறு. வில்சனுக்குப் பின்னாளில் ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைக்க உதவியவர்களில் காரெட்டும் ஒருவர். இருவருக்கும் இடையே பகை நீடிக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

1901-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், காரெட்டை எல் பாசோவின் சுங்க வசூல் அதிகாரியாக நியமித்தார். மெக்சிகோ எல்லையில் இருக்கும் அந்த ஊரில் டாம் பவர்ஸ் என்பவர் கோனி ஐலண்ட் என்ற மதுக்கூடத்தை நடத்திவந்தார். சூதாட்டமும் அங்கே உண்டு. காரெட்டும் பவர்ஸும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அந்த நட்புக்குக் காரெட் கொடுத்த விலை பெரியது. 1905-இல் சான் அன்டோனியோவில் ரூஸ்வெல்ட்டின் பழைய படைவீரர்கள் கூடியபோது, பவர்ஸையும் அழைத்துப்போய், கால்நடைப் பண்ணைக்காரர் என்று சொல்லி ஜனாதிபதிக்கு அறிமுகம் செய்துவைத்தார் காரெட். மூவரும் சேர்ந்து படமும் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர் மதுக்கூடக்காரர் என்று தெரிந்ததும் ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் வந்தது. ஏற்கனவே காரெட்மேல் புகார்கள் இருந்தன. அவ்வாண்டு இறுதியில் பதவிக்காலம் முடிந்தபோது மறுநியமனம் கிடைக்கவில்லை.

பவர்ஸ் தன் மதுக்கூடத்தில் பெயர்போன துப்பாக்கிகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருந்தார். காரெட்டின் கோல்ட்டும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. பின்னாளில் வழக்கே எழக் காரணமான கைமாற்றம் இதுதான்: ஒரு நண்பர் இன்னொரு நண்பரின் கடைச் சுவருக்கு அழகு சேர்க்கத் தன் பொருளைக் கொடுத்தார்.

1908 பிப்ரவரி 29 அன்று லாஸ் குரூசஸ் அருகே சாலையோரத்தில் காரெட் சுட்டுக் கொல்லப்பட்டார். வெயின் பிரேசல் என்ற இளம் பண்ணையாள் தானே சுட்டதாகச் சரணடைந்தார். தற்காப்பு என்று வாதாடி விடுதலையும் ஆனார். பின்னந்தலையில் குண்டு பாய்ந்த ஒருவரைத் தற்காப்புக்காகச் சுட்டதாக நடுவர் குழு எப்படி நம்பியது என்பதை இன்றுவரை ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை. நம் வழக்குக்கு வேண்டியது இவ்வளவே: இரவல் கொடுத்தவர், அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதிவைக்க அவகாசம் இல்லாமல், ஒரே நொடியில் போய்விட்டார். கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்தது கடன்தான். அபோலினாரியா கையில் பிள்ளைகள், கடன்காரர்கள், ஓட்டாண்டியான ஒரு பண்ணை. விலைமதிப்புள்ள பொருள் என்று சொல்லக்கூடிய ஒன்று எல்லை ஊரிலிருந்த ஒரு மதுக்கூடத்தில் இருந்தது.

விதவையின் வழக்கு

காரெட் இறந்த பின்னும் துப்பாக்கி பவர்ஸிடமே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. பிறகு பவர்ஸும் இறந்தார். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துப் பட்டியலுக்குள் காரெட்டின் கோல்ட்டும் போய்ச் சேர்ந்தது. அபோலினாரியா 1930-களில் அந்தச் சொத்தின்மேல் வழக்குப் போட்டார். என் கணவர் இதைக் கொடுத்தது இரவலாக, எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. துப்பாக்கி காரெட் குடும்பத்துக்குத் திரும்பியது. அபோலினாரியா 1936-இல் இறந்தார். அவருக்குப் பின் மகன் ஜார்விஸ் காரெட் அதைப் பாதுகாத்தார்.

காலம் எவ்வளவு என்று பாருங்கள். கணவர் இறந்து கால் நூற்றாண்டு. கையெழுத்துச் சீட்டு போட்டுக் கொள்ளும் உறவு அல்ல இது. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. எதிரே நிற்பது ஒரு சொத்து நிர்வாகம். அதன் கடமையே இறந்தவரின் உடைமைகளைச் சிதறாமல் காப்பது. இந்த நிலையில் ஒரு விதவை எப்படி வெல்ல முடியும்? அமெரிக்கச் சொத்துச் சட்டத்தின் பொதுவிதிகளை வைத்துப் பார்த்தால் அந்த வெற்றிக்கு இடமிருப்பது புரிகிறது.

முதலாவது, இரவலில் உடைமை மாறுவதே இல்லை. கையிருப்பு மட்டும் மாறுகிறது. கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த அட்டிகை எத்தனை நாள் உறவினர் பீரோவில் இருந்தாலும் அது நம்முடையதுதானே, அதுபோல. ஆகவே காரெட் இறந்தபோது அந்தத் துப்பாக்கி அவருடைய சொத்தில் ஒரு பகுதியாக வாரிசுகளுக்குப் போனது. எந்தச் சுவரில் தொங்கியது என்பது பொருட்டல்ல. பவர்ஸ் இறந்தபோது அவர் வாரிசுகளுக்குப் போகக்கூடியது பவர்ஸுக்கு இருந்த உரிமை மட்டுமே. அவருக்கு இருந்தது வைத்திருக்கும் அனுமதி. அந்த அனுமதி அவரோடு முடிந்தது.

இரண்டாவது, பரிசு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கொடுக்கும் எண்ணம், கையளித்தல், ஏற்றுக்கொள்ளல் என மூன்றும் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் பரிசு. பொருள் அவரிடம் இருபது ஆண்டு இருந்தது என்பது கையளித்ததைக் காட்டும். எண்ணத்தைக் காட்டாது. நண்பர் கேட்கவில்லை, அதனால் கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம் என்பது ஆறுதல் தரும் ஊகம், அவ்வளவே.

மூன்றாவது, காலக்கெடு. வாசகர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அடுத்தவர் பொருளைத் தனதாக்கிக்கொண்டதற்கு எதிராக டெக்சஸில் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். அப்படியானால் இருபத்தைந்து ஆண்டு கழித்து எப்படி? முறையாகக் கைக்கு வந்த பொருளில் அந்தக் கடிகாரம் கொடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. உரியவர் கேட்டு, வைத்திருப்பவர் மறுக்கும்போது ஓடத் தொடங்குகிறது. அல்லது இது என்னுடையது என்று அவர் வெளிப்படையாக அறிவிக்கும்போது. நட்பில் கேட்காமல் விட்டது உரிமையைக் கொல்வதில்லை. கேட்டு, மறுப்பு வாங்கி, அதன்பின் சும்மா இருப்பதுதான் கொல்லும்.

நான்காவது, சாட்சியம். இறந்தவர் இப்படிச் சொன்னார் என்று, அவர் சொத்தின்மேல் உரிமை கேட்பவரே சாட்சி சொல்ல வந்தால், சட்டம் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. மறுத்துப் பேச இறந்தவரால் எழுந்து வர முடியாது அல்லவா? டெக்சஸில் இதற்கென்றே ஒரு விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று அது கடுமையாக இருந்தது. இன்று சாட்சிய விதிகளில் 601-ஆம் விதியின் ஒரு பிரிவாக, சற்றுத் தளர்ந்து நிற்கிறது: இறந்தவர் வாயால் சொன்னதை எதிர்த்தரப்பு சொல்ல வேண்டுமானால் வேறொரு ஆதாரம் அதைத் தாங்க வேண்டும். ‘எனக்குத் திருப்பித் தருகிறேன் என்று அவன்தான் சொன்னான்’ என்ற ஒரு வாக்கியம், அது முழு உண்மையாகவே இருந்தாலும், தனித்து நின்றால் பயனில்லை.

அபோலினாரியாவுக்கு இங்கே பொருளின் புகழ் துணை நின்றது என்பது என் கணிப்பு. பவர்ஸ் அந்த ரிவால்வரைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை; ஊரார் வந்து பார்க்க வைத்திருந்தார். காரெட்டின் துப்பாக்கி என்பதுதான் அதற்கு மதிப்பே. எந்தச் சொத்தைத் தன்னுடையது என்று காட்ட ஒருவருக்கு இன்னொருவரின் பெயர் தேவைப்படுகிறதோ, அந்தச் சொத்து அந்த இன்னொருவரை மறக்க விடுவதில்லை. அடையாளத்திலும் குழப்பம் எழ வழியில்லை: உலோகத்தில் வெட்டிய ஐந்து இலக்க எண்.

சாதாரணத் துப்பாக்கிக்கு இந்தப் பேறு கிடையாது. மான் வேட்டைப் பருவத்துக்கு முன்னால் நண்பருக்குக் கொடுத்த ரெமிங்டன் 700 ரைஃபிளைப் போல லட்சக்கணக்கானவை அந்த நாட்டில் உண்டு. அது யாருடையது என்று ஊருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வழக்கைப் படிப்பவர், அந்த விதவை வென்றார், நாமும் வெல்வோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். அவர் வென்ற வழியில் பாதி, துப்பாக்கியின் புகழால் திறந்தது.

இன்று அதே நிலை வந்தால்

தமிழ் வாசகர்கள் பலர், அமெரிக்காவில் துப்பாக்கிக்கெல்லாம் அரசிடம் பதிவேடு இருக்கும், கணினியில் எண்ணைத் தட்டினால் உரியவர் பெயர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு தேசியப் பதிவேடு இல்லை. 1986-இல் வந்த கூட்டரசுச் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஒரு தடமறி மையம் இருக்கிறது. குற்ற விசாரணைக்காகக் காவல்துறை கேட்டால், தயாரித்த கம்பெனியிலிருந்து தொடங்கி முதலில் சில்லறையில் வாங்கியவர்வரை போய்ப் பார்ப்பார்கள். தனியாள் கேட்டால் சொல்ல மாட்டார்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் இருவருக்குள் நேரடியாகக் கைமாறியது எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. ஆக, இரவல் கொடுத்தவருக்கு அரசு சாட்சியாக வராது. தன் சாட்சியைத் தானே தேட வேண்டும்.

எங்கே தேடுவது? வாங்கிய கடையின் ரசீது முதலிடம். உரிமம் பெற்ற வியாபாரி ஒவ்வொரு துப்பாக்கியும் வந்ததையும் போனதையும் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்பியிருப்பார். கடை இன்னும் நடந்தால், உங்கள் பெயரில் விற்ற பதிவைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். சொல்வது அவர்கள் விருப்பம். பழுது பார்த்த கடையின் பில், தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்திய பில், எண் ஒட்டிய அசல் அட்டைப்பெட்டி, காப்பீட்டுப் பட்டியல், எண் தெரிய எடுத்த படம் இவையெல்லாம் உதவும். இவற்றைவிட வலுவானது, இறந்த நண்பரே அனுப்பிய குறுஞ்செய்தி. ‘உன் ரைஃபிள் இன்னும் என்கிட்டதான் இருக்கு, சீசன் முடிஞ்சதும் கொண்டுவர்றேன்’ என்ற ஒரு வரி, 601-ஆம் விதி கேட்கும் தாங்கலாக நிற்கக்கூடும். நண்பர் இறந்த அதிர்ச்சியில் பழைய கைபேசியை மாற்றிவிடாதீர்கள், அழித்துவிடாதீர்கள்.

வரிசை எண்ணே இல்லாத துப்பாக்கியும் உண்டு. எல்லாத் துப்பாக்கிக்கும் எண் வெட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். அதற்கு முந்திய மலிவு விலை .22 ரைஃபிள்களிலும் ஷாட்கன்களிலும் பல எண்ணின்றி வந்தவை. தாத்தா விட்டுச்சென்ற அப்படியொன்றை இரவல் கொடுத்திருந்தால், கட்டையிலுள்ள கீறல், மாற்றிய திருகு, தோல்வாரின் தையல் என்று நுணுக்கமான அடையாளங்களோடு எடுத்த படம்தான் கைகொடுக்கும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. இறந்தவரின் மனைவியிடம், மகனிடம், சாவி வைத்திருக்கும் மைத்துனரிடம் கேட்பதுதான் மனித இயல்பு. சட்டப்படி பதில் சொல்லும் அதிகாரம் சொத்து நிர்வாகிக்கு. உயில் இருந்தால் அதில் பெயர் குறித்தவரும், இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமிப்பவரும் நிர்வாகி ஆவார். டெக்சஸில் நிர்வாகி பொறுப்பேற்று 90 நாட்களுக்குள் இறந்தவரின் சொத்துப் பட்டியலைத் தயாரித்துத் தர வேண்டும். கடன் பாக்கி இல்லாத சில சொத்துகளில் பட்டியலுக்குப் பதில் பிரமாணப் பத்திரம் போதும். இரவல் கொடுத்தவர் பேச வேண்டிய காலம் அந்தப் பட்டியல் எழுதப்படுவதற்கு முந்திய காலம். உங்கள் துப்பாக்கி அதில் ஏறிவிட்டால், அதை நீக்கச் சொல்வது கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் சங்கடம். ஏறாதிருக்க ஒரு கடிதம் போதும்: எந்த ரகம், என்ன எண், எப்போது எதற்குக் கொடுத்தேன், கையில் என்ன ஆதாரம் இருக்கிறது. மிரட்டல் வேண்டாம், வக்கீல் நடை வேண்டாம்.

பணம் கொடுத்தவர் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது, அதை நிர்வாகிக்கும் சொல்லிவிட வேண்டும். கடன்காரர் இறந்தவரின் சொத்திலிருந்து பங்கு கேட்கிறார். இரவல் கொடுத்தவர், இது அந்தச் சொத்திலேயே சேராது என்கிறார். கடன்காரர்களின் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டிய கோரிக்கை இது இல்லை.

டெக்சஸில் இன்னொரு முடிச்சும் உண்டு. கணவன் மனைவி கையிலிருக்கும் பொருள்கள் இருவருக்கும் பொதுவானவை என்றுதான் அம்மாநிலக் குடும்பச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். வீட்டு இரும்புப் பெட்டியில் ஆறு துப்பாக்கி இருந்தால் ஆறும் தங்களுடையவை என்று மனைவி நினைப்பதில் பேராசை எதுவும் இல்லை. கணவர் அவரிடம் சொல்லாமல் வாங்கிவைத்த இரவலை அவர் எப்படி அறிவார்? துக்க வீட்டில் நிற்கும் பெண்ணிடம், என்னுடையதைக் கொடு என்று முதல் வாரத்தில் கேட்பவர் தோற்பதற்கு அதுவே காரணமாகிவிடும். கேட்கும் முறையில் வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது என்று நான் நம்புகிறேன். அபோலினாரியாவின் இடத்திலும் ஒரு விதவைதான் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு விதவையின் வாசலுக்குப் போக வேண்டும்.

சாவி தெரியும், நாய் பழக்கம், எனவே நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்பது கூடவே கூடாது. பொருள் உங்களுடையதாகவே இருக்கட்டும். அழைப்பின்றி அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கியோடு வெளியே வருபவரை வந்து பார்க்கும் காவலர், உடைமை விவாதத்தை நின்று கேட்க மாட்டார். எதிர்பாராத மரணத்தில் காவல்துறையே பாதுகாப்புக்காகத் துப்பாக்கிகளை எடுத்துப் போயிருக்கலாம். மரணமே துப்பாக்கியால் நேர்ந்திருந்தால் அது தடயம். விசாரணை முடியும்வரை யாருக்கும் கிடைக்காது. வீட்டிலேயே இருந்தால், அவற்றில் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதுகூடப் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டிய வேலை இல்லை. உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் காலி செய்து, எண்களைக் குறித்து, தற்காலிகமாக அவர் கடையிலேயே வைக்கச் சொல்வது குடும்பத்துக்கும் நிம்மதி, கேட்பவருக்கும் நிம்மதி.

கூட்டரசுச் சட்டம் நுழையும் இடம் அடுத்தது. சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் எனச் சிலர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இறந்தவரின் மகன் அப்படிப்பட்டவராக இருந்தால், அப்பாவின் பெட்டிச் சாவி அவர் கைக்குப் போவதே ஆபத்து. அப்பா உங்களிடமிருந்து வாங்கிய ரைஃபிளும் அதற்குள்தான் இருக்கிறது. தெரிந்தே அப்படிப்பட்டவர் கையில் கொடுப்பதும் குற்றம். இரவல் கொடுத்தவர் தாமதிக்காமல் நிர்வாகிக்கு எழுத வேண்டியதற்கு உடைமையைவிடப் பெரிய காரணம் இது. கேட்பவரே தடைக்குள் வருபவராக இருந்தால், பொருள் அவருடையதே ஆனாலும் நிர்வாகி அவர் கையில் கொடுக்க முடியாது. விற்றுப் பணமாகப் பெறும் வழியைத்தான் வக்கீலோடு பேச வேண்டும்.

மாநில எல்லையும் உண்டு. உரிமமில்லாத ஒருவர் வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்க 1968 சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. அதற்கு இரண்டு விலக்குகள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன: உயிலாலோ வாரிசுரிமையாலோ வருவது, வேட்டை போன்ற சட்டப்படியான விளையாட்டுக்குத் தற்காலிகமாக இரவல் தருவது. ஒக்லஹோமாக்காரர் டெக்சஸ் நண்பருக்கு வேட்டைக்குக் கொடுத்தது இரண்டாவது விலக்குக்குள் வரும். திரும்பி வருவதுபற்றி அந்த விலக்கு பேசவில்லை. அதனால் கவனமுள்ள நிர்வாகிகள் டெக்சஸ் வியாபாரி ஒருவர் வழியாக ஒக்லஹோமா வியாபாரிக்கு அனுப்பி, உரியவர் அங்கே படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனை முடித்துப் பெற்றுக்கொள்ளும்படி செய்கிறார்கள். செலவு கொஞ்சம், தாள் நிறைய, ஆனால் பின்னாளில் எவரும் கேள்வி கேட்க முடியாத வழி. செலவை இரவல் கொடுத்தவர் ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை.

இதில் காரெட்டின் கோல்ட்டுக்கு விசித்திரமான ஒரு விடுதலை கிடைத்திருக்கிறது. 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை 1968 சட்டத்தின் பார்வையில் பழம்பொருள். மேலே சொன்ன வியாபாரிப் படிவமும் எல்லைத் தடையும் அவற்றைத் தொடுவதில்லை. 2021 ஆகஸ்ட் 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் அதை ஏலம் விட்டது. 20 முதல் 30 லட்சம் டாலர் போகும் என்று மதிப்பிட்டார்கள். 60 லட்சத்தைத் தாண்டியது. விற்பவர் எந்த வழியில் உரிமை பெற்றார் என்று கேட்டால் காட்ட வேண்டிய சங்கிலியில் அபோலினாரியா வாங்கிய தீர்ப்பும் ஒரு கண்ணி. அந்தத் தீர்ப்பு இல்லாமல் போயிருந்தால் அந்த ரிவால்வர் ஒரு மதுக்கூடக்காரரின் சொத்தோடு எங்கோ போயிருக்கும்.

எதிர்த்திசையில் இன்னொரு வகை. இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள் போன்றவை 1934-ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் பெயர் பதிவானவை. இவற்றுக்கு மட்டும் கூட்டரசிடம் பதிவேடு உண்டு. யாருடையது என்பதில் சந்தேகம் எழாது. ஆனால் பதிவு பெற்றவர் உடனில்லாமல் நண்பர் வீட்டில் விட்டுவைப்பதே சட்டமீறல். நண்பர் இறந்து, அவர் பெட்டியில் உங்கள் ஒலியடக்கி கிடந்தால், யாருக்கும் கடிதம் எழுதுமுன் இந்தத் துறையில் பழகிய வக்கீலைப் பாருங்கள். நீங்கள் எழுதும் முதல் வரியே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடலாம்.

பிரிட்டனில் இந்த வழக்கு இப்படி நீண்டிருக்காது. அங்கே ஷாட்கன் சான்றிதழ் உள்ள இருவருக்குள் 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட இரவல், சான்றிதழிலேயே எழுதப்பட்டுக் காவல்துறைக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். நண்பர் இறந்தால் காகிதம் பேசும். அமெரிக்கர்கள் அந்த வழியை விரும்பவில்லை. அதை விரும்பாத உரிமை அவர்களுக்கு உண்டு. அப்படியானால் அந்தக் காகிதத்தை நண்பர்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு தாளின் அரைப்பக்கம் போதும். ரகம், தோட்டா அளவு, வரிசை எண், கொடுத்த நாள், எதற்காக, எப்போது திரும்பும், இருவர் கையெழுத்து. ‘இது இரவல், பரிசோ விற்பனையோ அல்ல’ என்ற ஒரு வரி. இரண்டு படி, வாங்கியவர் படியைத் துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை முதலில் திறக்கப்போவது அவருடைய மனைவியோ நிர்வாகியோதான். அவர்கள் கண்ணில் அது முதலில் பட வேண்டும். பருவம் நீண்டால் தேதியைத் திருத்தி மறுபடி கையெழுத்திடுங்கள். இரண்டு பேரின் மனைவியருக்கும் வாயாலும் சொல்லிவையுங்கள்.